பூந்தமல்லியில் அச்சடித்த மௌனம்

அக்காவைப் பார்த்து இருபது வருடமாகிவிட்டது. வேலை பெர்மிட் சிக்கல் வந்த காலத்தில் அவளும் மாமாவும் மலேசியாவில் தைப்பிங்கை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனார்கள். மாமாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, பட்டாபிராம் பக்கத்தில் ஒரு வீடும் கட்டிக்கொண்டார். நான் தைப்பிங்கிலேயே தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் பிள்ளைகளுக்கு மீ கோரெங் நூடுல்ஸ் கிளறிக்கொண்டு இருந்துவிட்டேன். குவைத் விவகாரத்தில் சண்டை மூளப் போகிறது என்று ரேடியோ தினமும் சொல்லிக்கொண்டிருந்த அந்த வருடக் கடைசியில் லீவு கேட்டுப் புறப்பட்டேன்.

புறப்படுமுன் மிஸ் லிம்மிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியை. வருடத்தின் கடைசி நாளில், லண்டனில் பகல் பன்னிரண்டு அடிக்கும்போது, பல நாடுகளில் உள்ளவர்கள் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தி உலக அமைதிக்காக நிற்கிறார்கள். தைப்பிங்கில் அதை நடத்துவது மிஸ் லிம்தான். எங்களுக்கு அப்போது இரவு எட்டு மணி. ஏரிப் பூங்காவில் பதினோரு பேர் குடை பிடித்துக்கொண்டு நிற்போம், ஏனென்றால் எங்கள் ஊரில் மழை கேட்காமல் வரும். அங்கே யாரும் பேச வேண்டியதில்லை என்பதால்தான் நான் அதில் சேர்ந்தேன்.

“நீ போகும் ஊரில் அப்போது மணி எத்தனை என்று பார்த்துக்கொள். பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு நில். வந்து எனக்குச் சொல்,” என்றார் மிஸ் லிம் மலாயில். சரி என்று தலையாட்டினேன். பத்துப் பேரைச் சேர்க்க வேண்டுமென்றால் பத்துப் பேரிடம் பேச வேண்டும் என்பது விமானத்தில் பெல்ட் கட்டிய பிறகுதான் உறைத்தது.

முதல் நாள் சென்ட்ரலிலிருந்து மின்சார ரயில். எங்கள் ஊர் ரயிலில் ஏறியதும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். இங்கே ஏறியதும் பேச ஆரம்பிக்கிறார்கள். எனக்கு முன்னால் கூடையோடு நின்ற ஒரு அம்மா, பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, “இன்னாமே, என் காலு மேல நின்னுகினு கீற, அது இன்னா பிளாட்பாரமா?” என்றாள். “இந்தக் கும்பல்ல வர்றவ கால ஊட்லயே கயட்டி வெச்சுட்டு வரணும்,” என்றாள் மற்றவள். அம்பத்தூர் வருவதற்குள் இருவரும் ஒரே பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். எப்போது சமாதானம் ஆனார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

அக்கா தலையெல்லாம் நரைத்து, பெருத்திருந்தாள். என்னைப் பார்த்து அழவில்லை. “ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்டே வள்ளி?” என்று கேட்டு இட்லியும் வடகறியும் வைத்தாள். வடகறியை அன்றுதான் முதலில் சாப்பிட்டேன். பருப்பு வடையை உதிர்த்து, பட்டை சோம்பு போட்ட குழம்பில் ஊறவைத்தது. நான் மூன்று முறை கேட்டு வாங்கினேன். சமையல்காரியான எனக்கு அது மரியாதை இல்லை, ஆனாலும் கேட்டேன்.

சாயங்காலம் எதிர்வீட்டு ஸ்டெல்லா ஒரு தட்டில் இனிப்பு மாவுப் பலகாரமான கல்கல் கொண்டுவந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவள் வாசலில் மூங்கில் குச்சியில் கட்டிய காகித நட்சத்திரம், உள்ளே பல்பு எரிய, தொங்கிக்கொண்டிருந்தது. “இத நான் செய்யல அக்கா, கோயில்ல குடுத்தாங்க. இந்த வருசம் மாவு பிசைய மனசு இல்ல,” என்றாள். அவள் புருஷன் அந்தோணி குவைத்தில் லாரி ஓட்டுகிறவர். ஈராக் ராணுவம் அங்கே புகுந்த ஆகஸ்டு மாதத்திலிருந்து கடிதம் இல்லை. அங்கிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்டவர்களில் அவர் இல்லை. பார்த்தேன் என்று சொல்லவும் ஆள் இல்லை.

“உங்க ஊரு குவைத்தாண்டயா அக்கா?” என்று கேட்டாள்.

ரொம்ப தூரம் என்று மெதுவாகச் சொன்னேன்.

“எங்களுக்கு கீற அளவு தூரம் இருக்காதுல்ல?”

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “அது மேற்கால, இவ ஊரு கெழக்கால. இவதான் இன்னும் தூரம்,” என்றார்.

“எதுவா இருந்தா இன்னாண்ணே, ரெண்டும் பாரின்தானே? அங்க பேசிக்குவாங்க,” என்று சொல்லிவிட்டு, காலித் தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மிஸ் லிம் சொன்னதை மாமாவிடம் சொன்னேன். சொன்னது தவறு என்று உடனே தெரிந்தது. மாமா தொழிற்சங்கத்தில் இருந்தவர். எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாது. “பத்துப் பேர் இன்னாத்துக்கு? நம்ம காலனியே நிக்கும். இங்க மணி அஞ்சரை ஆவும், ஷிப்டு முடிஞ்சு எல்லாம் ஊட்ல இருப்பான். நோட்டீஸ் அடிச்சுடலாம்.” அக்கா என்னைப் பார்த்து, “இனி நிறுத்த முடியாது,” என்றாள். அவளிடம் தைப்பிங் பேச்சு இன்னும் மிச்சமிருந்தது. மாமாவிடம் சுத்தமாக இல்லை.

இரண்டாம் நாள் மாமாவும் நானும் பூந்தமல்லி போனோம். பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். நடத்துநர் என்னிடம் எங்கே என்று கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். “இன்னாம்மா, ரகசியமா போறியா? எந்த ஊருன்னு எனக்கு மட்டுமாவது சொல்லு,” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து மாமா கத்தினார், “ரெண்டு பூந்தமல்லி!”

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பஸ் நின்றுபோனது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பார்கள். இங்கே ஆண்கள் எல்லோரும் இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினார்கள். தள்ளிய பஸ் கிளம்பியதும் நிற்காமல் கொஞ்ச தூரம் போனது, தள்ளியவர்கள் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். மாமா கடைசியாக ஏறினார். ஒரு செருப்பு ஏரிக்கரையிலேயே நின்றுவிட்டது.

அச்சகம் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், பட்டறைகளுக்கு நடுவில். ஒற்றைச் செருப்போடு மாமா உள்ளே போனார். அச்சகக்காரர் நிமிராமல் ஈய அச்செழுத்து கோத்துக்கொண்டிருந்தார்.

“மௌனமா நிக்கிறதுக்கு ஒரு நோட்டீஸ்,” என்றார் மாமா.

“மௌன அஞ்சலியா? ரெடியா கீது. ஆம்பளயா, பொம்பளயா?”

“உலகம்.”

“பேர் சொல்லு சார்.”

“உலக அமைதி. குவைத்துல சண்ட வரக்கூடாதுன்னு.”

“வயசு?”

மாமா விளக்கினார். அச்சகக்காரர் முதல்முறையாக நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். “மௌனம்னா எங்களாண்ட ஒரே அச்சுக் கட்டம்தான் கீது சார். இருபது வருசமா அத்தான் ஓட்டிகினு கீறேன். தோற்றம், மறைவு ரெண்டு வரியையும் எடுத்துடறேன். கறுப்பு பார்டர் இருக்கட்டும், அது இல்லன்னா எவனும் நின்னு படிக்க மாட்டான். போட்டோ பெட்டியையும் எடுக்கச் சொல்லாத, எடுத்தா கட்டம் உட்டுப்போவும்.”

“படிக்கணும். அதான் முக்கியம்,” என்றார் மாமா.

கொஞ்ச நேரத்தில் ஈர மையோடு ஒரு தாள் வந்தது. நாலு பக்கமும் கட்டைவிரல் கனத்துக்குக் கறுப்பு. இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு. நடுவில் ஒரு காலிப் பெட்டி. மேலே பெரிதாக ‘மௌன அஞ்சலி’. கீழே ‘குவைத்’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘உலக அமைதி வேண்டி’, அப்புறம் நாள், மணி, இடம். மாமா அதை என்னிடம் கொடுத்து, “நீ பாரு வள்ளி, உன் நிகழ்ச்சி,” என்றார்.

பார்த்தேன். செத்தவருக்கு அடித்த நோட்டீஸ் போலத்தான் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இன்னொருவர் ஏதோ அழைப்பிதழ் கேட்டு வந்து நின்றார். அச்சகக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “எழுத்துப் பிழை இல்ல,” என்றேன். அது உண்மை.

மூன்றாம் நாள் காலையில் மாமா பசைச் சட்டியோடு கிளம்பினார். தெருமுனை, பால் பூத், ரேஷன் கடைத் தாழ்வாரம், ஸ்டெல்லா வீட்டுக்குப் பக்கத்துச் சுவர். பிறகு நானும் அக்காவும் அம்பத்தூருக்குத் துணி எடுக்கப் போய்விட்டோம். மூன்று கடை ஏறி இறங்கினோம். அக்கா ஒவ்வொரு கடையிலும் எனக்குப் பதிலாகப் பேசினாள்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. துணிப் பையை வீட்டில் வைத்துவிட்டுக் குடத்தோடு குழாயடிக்குப் போனோம். அங்கே நின்ற பெண்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். ஒருத்தி என் குடத்தை வாங்கி, தானே நிரப்பித் தந்தாள். எனக்குப் பேச வராது என்பதை இந்த ஊர் மூன்று நாளில் புரிந்துகொண்டதே என்று நிம்மதியாக இருந்தது. எதிர்வீட்டில் நட்சத்திரம் இல்லை. மூங்கில் குச்சி மட்டும் நின்றது. பல்பு போயிருக்கும், மாற்ற இறக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் அதை இறக்க மாட்டார்கள் என்பதும், நடுவில் இறக்கினால் அது துக்கத்துக்கு என்பதும் எனக்குத் தெரியாது.

நான்காம் நாள், வருடத்தின் கடைசி நாள். நாலரை மணிக்கே அக்காவும் மாமாவும் பெஞ்சு போடக் காலனி மைதானத்துக்குப் போய்விட்டார்கள். நான் வீட்டில் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். ஸ்டெல்லா நின்றாள். வெளிர் புடவை, தலையில் பூ இல்லை. முகம் அழுது முடித்த முகமாக இருந்தது.

“எல்லாருக்கும் தெரிஞ்சிகீது, எனக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க வந்த மூணாம் நாளு நோட்டீஸ் ஒட்டிகீது. பாரின்லேர்ந்து சேதி கொண்டாந்தது நீங்கதான்னு குழாயாண்ட பேசிக்கிறாங்க. போட்டோ பெட்டிய எதுக்கு காலியா உட்டீங்க? என்னாண்ட வந்து கேக்க சங்கடமா? அதான் நானே எடுத்தாந்தேன்.”

கையில் ஒரு பாஸ்போர்ட் அளவு போட்டோ இருந்தது. மீசை வைத்த, கழுத்துப் பட்டன் வரை போட்ட ஒரு ஆள்.

“அவருக்கு இன்னா ஆச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க அக்கா. எப்டி பூட்டாரு?”

எனக்கு நாக்கு எழவில்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். சொல்ல வேண்டியது வாய் வரை வரும், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விடும். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினாள், பதில் கிடைத்துவிட்டது போல. போட்டோவை முந்தானையில் முடிந்துகொண்டு படி இறங்கிப் போனாள்.

வருடத்துக்கு ஒருமுறை தைப்பிங் ஏரிக்கரையில் பேசாமல் நின்றதைப் பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன். அன்று அந்த வாசலில் நின்றதும் அதே மாதிரிதான் இருந்தது. கதவைப் பூட்டாமல் அவள் பின்னால் ஓடினேன்.

மைதானத்தில் அறுபது பேருக்குக் குறையாது. மாமா முகமெல்லாம் சிரிப்பு. “பாத்தியா வள்ளி, நோட்டீஸோட பவரு.” அவருக்கு இன்னும் தெரியவில்லை. கையில் மாலையோடு வந்தவர்களைக் கூட அவர் மரியாதைக்கு வந்தவர்களாக நினைத்திருந்தார். பாடிக்கு வேலைக்குப் போகும் பாஸ்கர், அந்தோணியின் கூட்டாளி, ஆள் உயர ரோஜா மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். முன் பெஞ்சில் ஸ்டெல்லாவை இரண்டு பெண்கள் பிடித்து உட்காரவைத்திருந்தார்கள். ஒருத்தி அவள் கையிலிருந்து போட்டோவை வாங்கி, மேசைமேல் வைக்க எழுந்தாள்.

மாமாவின் சட்டையை இழுத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “இரு, இன்னும் ரெண்டு நிமிசம்,” என்றார். போட்டோ மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாஸ்கர் மாலையைத் தோளிலிருந்து இறக்கினார்.

“போடாதீங்க,” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மேசைக்கும் பாஸ்கருக்கும் நடுவில் போய் நின்றேன். அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான் சேதி கொண்டு வரலை. எனக்கு ஒன்னும் தெரியாது. குவைத் எங்க இருக்குன்னுகூட சரியாத் தெரியாது. இது செத்தவங்களுக்கு இல்ல. இனிமே யாரும் சாகக் கூடாதுன்னு நிக்கிறது. பெட்டி அச்சுல இருந்துச்சு, எடுக்க முடியலன்னாங்க. நான் பார்த்துட்டு சும்மா இருந்துட்டேன்.”

என் ஆயுளில் நான் கூட்டத்தில் பேசியது அவ்வளவுதான். ஸ்டெல்லா எழுந்து வந்தாள்.

“அப்ப அவரு இருக்காரா?”

“தெரியாது.”

“செத்துட்டாரா?”

“அதுவும் தெரியாது. நோட்டீஸ் ஒட்டுறதுக்கு முன்னால உனக்கு என்ன தெரியுமோ அதுதான் எனக்கும் தெரியும்.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாள். “இத்த வாசல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு? ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு. நட்சத்திரத்த இறக்கிட்டேன், தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, மேசையிலிருந்து போட்டோவை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அதோடு கூட்டம் வாய் திறந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாஸ்கர் மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு, “இத்த நான் இன்னா பண்றது? சாவு மாலய ஊட்டுக்கு எடுத்துகினு போவ முடியாது,” என்றார்.

“நோட்டீஸ் அடிச்சவரு கழுத்துல போடு மாமே,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு அடங்கவே நேரம் ஆனது. மாமா சிரிக்கவில்லை. மாலைகளைக் கடைசியில் மைதானத்து அடிபம்பின் மேல் போட்டார்கள். நான் மாமாவின் கடிகாரத்தைப் பார்த்தபோது ஐந்து முப்பத்தேழு. தைப்பிங்கில் மிஸ் லிம்மும் மற்றவர்களும் நின்று முடித்து, குடையை மடக்கி வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். ஆவடிப் பக்கத்தில் ஒரு விநாடிகூட யாரும் சும்மா இல்லை.

திரும்பி வரும் வழியில் எதிர்வீட்டில் ஸ்டெல்லா ஸ்டூல்மேல் ஏறி நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த நோட்டீஸைக் கிழித்துக் கீழே போட்டிருந்தாள். நான் போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

அதன்பின் அங்கே இருந்த ஐந்து நாளும் மழையில்லை. வடகறி செய்யக் கற்றுக்கொண்டேன். புறப்பட்ட அன்று ஸ்டெல்லா வாசலில் நின்று, “பாரின்ல ஏதாச்சும் கேள்விப்பட்டா, நல்லதோ கெட்டதோ, வாயத் தொறந்து சொல்லிடுங்க அக்கா,” என்றாள். சரி என்றேன், சத்தமாக.

தைப்பிங்கில் மிஸ் லிம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார். அறுபது என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். அமைதியாக நின்றார்களா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சில நாளில் வளைகுடாவில் சண்டை தொடங்கியது. ரேடியோவைக் கேண்டீனில் அணைக்காமல் வைத்திருந்தேன். அதில் லாரி ஓட்டுகிறவர்கள் பெயர் எதுவும் வரவில்லை.

சித்திரை மாதம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அந்தோணி வந்துவிட்டார். எங்கோ ஒரு கிடங்கில் பிடித்து வைத்திருந்தார்களாம், சண்டை முடிந்த பிறகு ஜோர்டான் வழியாக அனுப்பினார்களாம். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலை ரயிலில் வந்து இறங்கி, ஒரே ஒரு பையோடு நடந்து வந்திருக்கிறார். தாடி வைத்திருந்ததால் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசையில் யாருக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர் தாழ்வாரத்துச் சுவரில், யாரும் கிழிக்காமல் பழுப்பேறியிருந்த மாமாவின் நோட்டீஸைப் பார்த்திருக்கிறார். கறுப்பு பார்டர், காலிப் பெட்டி, குவைத். மற்றதெல்லாம் வெளுத்துவிட்டது. வரிசையைத் திரும்பிப் பார்த்து, “இன்னாபா, யாரு பூட்டது?” என்று கேட்டாராம்.

குரலைக் கேட்டதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஸ்டெல்லா அதே வரிசையில்தான், கேனோடு, நாலாவதாக நின்றிருந்தாள். அவளும் பேசவில்லை. எண்ணெய் ஊற்றுகிறவர் புனலைத் தூக்கிய கையோடு நின்றார். ‘நல்லா ஒரு நிமிஷம் அப்படியே நின்னிருப்பாங்க வள்ளி’ என்று அக்கா எழுதியிருந்தாள்.

அன்று சாயங்காலமே மிஸ் லிம் வீட்டுக்குப் போய், ஆவடிப் பக்கத்தில் நின்றுவிட்டார்கள், கொஞ்சம் தாமதமாக, என்று சொன்னேன். எத்தனை பேர் என்று கேட்டார். மண்ணெண்ணெய் வரிசையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அக்கா எழுதவில்லை.